2059: டெல்நெட் இணைகிறது, கிளையன்ட் இணையவில்லை

கேள்வி, மார்ச் 4

ஜாவாவில் எழுதிய ஒரு சேவையைப் புதிய சர்வருக்கு மாற்றினோம். அது பேச வேண்டிய ஐபிஎம் எம்க்யூவையும் (நிரல்களுக்கு இடையே செய்திகளைக் கொண்டுசெல்லும் மென்பொருள்) அதே வாரத்தில் புதிய பதிப்புக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து இணைக்க முயன்றால் 2059 என்ற பிழை எண் வருகிறது. போர்ட் திறக்கிறதா என்று பார்க்க உதவும் டெல்நெட்டில் எம்க்யூவின் 1414 போர்ட் உடனே திறக்கிறது. நெட்வொர்க் குழு தங்கள் பக்கம் சரி என்கிறது. எங்கள் நிரலில் ஒரு வரியும் மாறவில்லை. ஆகவே கோளாறு க்யூ மேனேஜரில்தான் (செய்தி வரிசைகளை நடத்தும் எம்க்யூவின் சர்வர் பகுதி) என்கிறேன். நிர்வாகியோ அது ஓடிக்கொண்டிருக்கிறது என்று திரை நகலே அனுப்பிவிட்டார். யார் சொல்வது சரி?

மார்ச் 4, மாலை

மூன்று பேர் சொல்வதும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கலாம். இந்த வகைப் பிழையில் அது அடிக்கடி நடக்கிறது.

முதலில் டெல்நெட். அது இணைந்தது என்றால் அந்த முகவரியில், அந்தப் போர்ட்டில், யாரோ ஒருவர் கதவைத் திறந்து வைத்திருக்கிறார் என்று பொருள். அந்த யாரோ உங்கள் க்யூ மேனேஜர்தான் என்பதற்கு அதில் எந்தச் சான்றும் இல்லை. டிசிபி கைகுலுக்கலை, அதாவது இரு இயந்திரங்களுக்கிடையே இணைப்பைத் தொடங்கும் முதல் பரிமாற்றத்தை, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலே முடித்துவிடுகிறது. கேட்டுக்கொண்டிருக்கும் நிரல் விழித்துப் பார்ப்பதற்கு முன்பே டெல்நெட் 'இணைந்தது' என்று சொல்லிவிடும். அதற்குப் பிறகு எம்க்யூவுக்கென்று ஒரு நீண்ட உரையாடல் இருக்கிறது. சேனலின் (க்யூ மேனேஜருக்குள் நுழையும் பெயரிட்ட வழி) பெயர், இரு பக்கத்தின் பதிப்பு, டிஎல்எஸ் (இணைப்பை மறையாக்கும் முறை), யார் பேசுகிறார், அவருக்கு அனுமதி உண்டா என்று படிப்படியாகப் போகும். டெல்நெட் அதில் ஒரு படியைக்கூடத் தொடுவதில்லை.

எனக்கு மூன்று விவரங்கள் வேண்டும். ஜாவா காட்டிய பிழையின் முழு அடுக்கு, குறிப்பாக அடியில் இருக்கும் காரணம். மேலே உள்ள வரி எப்போதும் பொதுவாகவே பேசும். அடியில் ஏஎம்க்யூ என்று தொடங்கும் எண் ஒன்று இருக்கும், அதுதான் பேசும். இரண்டாவது, அதே நிமிடத்தில் சர்வர் பக்கப் பதிவுக் கோப்பில் என்ன எழுதப்பட்டிருக்கிறது. மூன்றாவது, கிளையன்ட் நூலகத்தின் (உங்கள் சேவை எம்க்யூவோடு பேசப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) பதிப்பு. சர்வருடைய பதிப்பை எல்லோரும் சொல்கிறார்கள், கிளையன்டுடையதை யாரும் சொல்வதில்லை.

மார்ச் 4, இரவு

பதிப்பு ஏன் வேண்டும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எம்க்யூவின் 7ஆம் பதிப்புக்கு முன்பு, கிளையன்ட் இணையாவிட்டால் காரணம் எதுவாக இருந்தாலும் பெரும்பாலும் 2059தான் வரும். க்யூ மேனேஜர் கிடைக்கவில்லை என்ற ஒரே வாக்கியத்துக்குள் கம்பி அறுந்ததும் சேனல் பெயர் தவறியதும் ஒன்றாகக் கிடந்தன. 7ஆம் பதிப்பு அதைப் பிரித்தது. 2538 என்றால் ஹோஸ்ட்டையே எட்டவில்லை. 2540 என்றால் அப்படி ஒரு சேனல் அங்கே இல்லை. 2539 என்றால் சேனலின் அமைப்பு இரு பக்கமும் பொருந்தவில்லை. 2537 என்றால் சேனல் இருக்கிறது, ஆனால் இப்போது ஏற்காது. நிறுத்தி வைக்கப்பட்டிருக்கலாம், அல்லது எண்ணிக்கை வரம்பு நிரம்பியிருக்கலாம்.

ஆகவே புதிய நூலகத்திலிருந்து வரும் 2059 வேறு, பழைய நூலகத்திலிருந்து வரும் 2059 வேறு. புதியதிலிருந்து வந்தால் அந்த எண்ணை நம்பி வேலை செய்யலாம். பழையதிலிருந்து வந்தால் அது ஏறக்குறைய ஒன்றுமே சொல்லவில்லை.

மார்ச் 5, காலை

டெல்நெட் பற்றி இன்னும் சிறிது. போர்ட் திறக்காதபோதுகூட அது எப்படித் தோற்றது என்பதைப் பாருங்கள். நொடியில் 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று வந்தால், மறுமுனை இயந்திரம் உயிரோடு இருக்கிறது, அந்தப் போர்ட்டில் கேட்க ஆள் இல்லை. அதாவது போர்ட்டில் காத்திருந்து இணைப்புகளை ஏற்கும் லிசனர் ஓடவில்லை, அல்லது போர்ட் எண் வேறு. நெடுநேரம் தொங்கிவிட்டுப் பிறகு டைம் அவுட் ஆனால், பெரும்பாலும் வழியில் ஒரு ஃபயர்வால் பொட்டலத்தைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடுகிறது. முதலாவதற்கு எம்க்யூ நிர்வாகியிடம் போக வேண்டும், இரண்டாவதற்கு நெட்வொர்க் குழுவிடம். இரண்டுக்கும் கிளையன்டில் வருவது அதே 2538தான். எண்ணை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு எத்தனை நொடி காத்திருந்தது என்பதைச் சொல்லாமல் விடுவதால், தவறான குழு தவறான இடத்தில் தேடி நாள்கள் போவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. டெல்நெட்டை உங்கள் மடிக்கணினியிலிருந்து ஓட்டிப் பார்த்தீர்களா, சேவை ஓடும் அதே சர்வரிலிருந்தா? கன்டெய்னருக்குள் ஓடுகிறது என்றால் கன்டெய்னருக்குள்ளிருந்தே பார்க்க வேண்டும். வேறு இடத்திலிருந்து சோதித்தால் வேறு பாதையைத்தான் சோதிக்கிறீர்கள்.

மார்ச் 5, பிற்பகல்

கேள்வி கேட்டவரிடமிருந்து விவரம் வந்திருக்கிறது. கிளையன்ட் நூலகம் 9ஆம் பதிப்பு. டெல்நெட்டைச் சேவை இருக்கும் சர்வரிலிருந்தே ஓட்டியிருக்கிறார். க்யூ மேனேஜரின் பதிவுக் கோப்பில் அந்த நிமிடத்தில் எதுவுமே இல்லை. 'அதனால்தான் குழப்பம் கூடுகிறது' என்கிறார்.

எனக்குக் குழப்பம் குறைகிறது. பதிவில் ஒன்றும் இல்லை என்பதே மிக நல்ல தடயம். ஒரு க்யூ மேனேஜர் வந்த கிளையன்டைத் திருப்பி அனுப்பினால் பொதுவாகத் தன் பதிவில் ஒரு வரியாவது எழுதும். எழுதவில்லை என்றால் உங்கள் கிளையன்ட் அந்த க்யூ மேனேஜரிடம் வரவே இல்லை. ஆனால் யாரோ பதில் சொல்கிறார்கள், அதுவும் எம்க்யூ மொழியிலேயே சொல்கிறார்கள்.

உறுதி செய்வதற்கு முன் நேரத்தைச் சரிபாருங்கள். சேவையின் பதிவு யுடிசி எனும் உலகப் பொது நேரத்திலும் சர்வரின் பதிவு உள்ளூர் நேரத்திலும் இருப்பது மிகச் சாதாரணம். 'அந்த நிமிடம்' என்று நீங்கள் பார்த்தது வேறு நிமிடமாக இருந்தால் இந்த வாதம் முழுவதும் சரிந்துவிடும். புதிய பதிப்புகளின் பதிவில் ஒவ்வொரு செய்தியோடும் யுடிசி நேரம் தனியாக உண்டு. அதை வைத்து ஒப்பிடுங்கள்.

மார்ச் 5, மாலை

பதிவு என்றால் எந்தப் பதிவு என்பதும் முக்கியம். லினக்ஸில் ஒவ்வொரு க்யூ மேனேஜருக்கும் அதன் அடைவுக்குள் தனிப் பதிவு இருக்கிறது. அதற்கு வெளியே, முழு நிறுவலுக்கும் பொதுவான ஒரு பதிவு அடைவும் இருக்கிறது. எந்த க்யூ மேனேஜருக்கு உரியது என்று தெரியாத நிகழ்ச்சிகள், ஓடாத க்யூ மேனேஜரைத் தேடி வந்த நிகழ்ச்சிகள் எல்லாம் அந்தப் பொதுப் பதிவில் விழக்கூடும். நிர்வாகியிடம் அதையும் திறக்கச் சொல்லுங்கள். கூடவே, 1414ஐ எந்தச் செயல்முறை பிடித்துக்கொண்டிருக்கிறது, அது எந்த க்யூ மேனேஜரின் பெயரோடு தொடங்கப்பட்டது என்று பார்க்கச் சொல்லுங்கள். என் ஊகம் ஒன்று இருக்கிறது. விடை வந்த பிறகு சொல்கிறேன்.

மார்ச் 6, காலை

இதற்கிடையில் ஒரு நண்பர், 'சேனல் அங்கீகாரத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள், எங்களுக்கு உடனே வேலை செய்தது' என்று அறிவுரை கொடுத்திருக்கிறார். தயவுசெய்து செய்யாதீர்கள். கேட்டவருக்கு வருவது 2059. அனுமதிப் பிழை 2035. அந்தப் படிக்கே அவர் இன்னும் போகவில்லை. 2035 வந்திருந்தாலும் இந்த அறிவுரை ஆபத்தானது, அதை விரிவாகவே எழுத வேண்டும்.

2011இல் வந்த 7.1 பதிப்பு சேனல் அங்கீகார விதிகளைக் கொண்டுவந்தது. புதிதாக உருவாக்கும் க்யூ மேனேஜரில் அவை பிறக்கும்போதே இயங்கும். எம்க்யூ நிர்வாகி உரிமை உள்ள எவரும் கிளையன்ட் சேனல் வழியே நுழைய முடியாது, சிஸ்டம் என்று தொடங்கும் சேனல்களுக்கு வெளியிலிருந்து அனுமதி இல்லை என்பவை அந்த இயல்பு விதிகளின் சாரம். 2014இல் வந்த 8.0 பதிப்பு பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்க்கும் வசதியைச் சேர்த்தது. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்: பழைய க்யூ மேனேஜரை அப்படியே புதிய பதிப்புக்கு உயர்த்தினால் இந்த இரண்டும் அணைந்த நிலையிலேயே தொடரும். அதே பெயரில் புதிதாக உருவாக்கினால் இயங்கும். 'அதே ஸ்கிரிப்ட், அதே சேனல், பழைய சர்வரில் ஓடியது, புதியதில் 2035' என்ற புலம்பலுக்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

அணைத்துவிட்டால் என்ன ஆகும்? சேனலில் பயனர் பெயர் ஏதும் நிலையாக எழுதப்படாமல், கடவுச்சொல் சோதனையும் இல்லாமல் இருந்தால், கிளையன்ட் தன்னை யார் என்று சொல்கிறதோ அதையே சர்வர் நம்பும். நிர்வாகியின் பயனர் பெயரைச் சொல்லிக்கொண்டு வருபவர் நிர்வாகியாகவே உள்ளே இருப்பார். நிர்வாகி உரிமையோடு எம்க்யூவில் 'சர்வீஸ்' என்ற ஒன்றை வரையறுக்கலாம். அது சர்வர் இயந்திரத்தில் விரும்பிய கட்டளையை ஓட்டும். அதாவது 1414ஐ எட்டக்கூடிய எவருக்கும் அந்த இயந்திரத்தையே எடுத்துக் கொடுக்கிறீர்கள். சோதனைச் சூழலில்தான் அணைத்தோம் என்று சொல்வார்கள். அந்த ஸ்கிரிப்ட்தான் பிறகு உற்பத்திச் சூழலுக்கும் நகலாகிப் போகும்.

மார்ச் 6, சற்று நேரம் கழித்து

அப்படியானால் 2035ஐ எப்படித்தான் தீர்ப்பது என்று அந்த நண்பரே கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

கிளையன்டுக்கு 2035 என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லப்படாது. அது வேண்டுமென்றே அப்படி வைக்கப்பட்டிருக்கிறது. பெயர் தவறா, கடவுச்சொல் தவறா, விதி தடுத்ததா என்று வெளியே நிற்பவருக்குச் சொன்னால், கதவைத் தட்டிப் பார்க்கும் திருடனுக்கும் அதைச் சொன்னதாகிவிடும். காரணம் முழுவதும் சர்வர் பதிவில் எழுதப்படுகிறது. ஏஎம்க்யூ9776 என்றால் அந்தப் பயனர் பெயரை ஒரு தடை விதி பிடித்தது. 9777 என்றால் அவர் வந்த முகவரிக்கோ சேனலுக்கோ அனுமதி மறுக்கும் விதி பொருந்தியது. 5534 என்றால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்ப்பில் தோற்றன. 5540 என்றால் கிளையன்ட் அவற்றை அனுப்பவே இல்லை. 8077 என்றால் உள்ளே வந்துவிட்டார், ஆனால் கேட்ட பொருளைத் தொட உரிமை இல்லை. 9557 வந்தால், சொல்லப்பட்ட பயனர் பெயர் சர்வர் இயந்திரத்தில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். ஒரே 2035, இத்தனை கதைகள். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

எந்த விதி பிடித்தது என்று தெரியவில்லையா? சேனல் அங்கீகார விதிகளைக் காட்டும் கட்டளையை 'ரன்செக்' பொருத்தத்தோடு ஓட்டுங்கள். சேனல் பெயர், வருபவரின் முகவரி, பயனர் பெயர் மூன்றையும் கொடுத்தால், அப்படி ஒருவர் வந்தால் எந்த விதி செயல்படும் என்று சர்வரே சொல்லிவிடும். புதிய விதியைப் பயத்தோடு போடுகிறீர்கள் என்றால் எச்சரிக்கை நிலையில் போடுங்கள். தடுக்காமல், தடுத்திருப்பேன் என்று பதிவில் மட்டும் எழுதும். இவ்வளவு வசதிகள் இருக்கும்போது மொத்தப் பூட்டையும் கழற்றி எறிவது எனக்குப் பொறுக்கவில்லை.

கூடுதலாக இரண்டு. ஒருவரைப் புதிதாகக் குழுவில் சேர்த்த பிறகும் 2035 நீடித்தால், க்யூ மேனேஜர் பழைய உரிமைகளை நினைவில் வைத்திருக்கிறது. பாதுகாப்பைப் புதுப்பிக்கும் கட்டளை ஒன்று உண்டு, அதை ஓட்டுங்கள். கடவுச்சொல் நிச்சயமாகச் சரி, ஆனாலும் 5534 வருகிறது என்றால் அதன் நீளத்தைப் பாருங்கள். ஜாவா கிளையன்ட் பழைய பதிப்புகளோடு ஒத்துப்போகும் 'இணக்க முறை'யில் ஓடினால் பெயரையும் கடவுச்சொல்லையும் 12 எழுத்தோடு வெட்டிவிடும். பாதுகாப்புக் குழு நீண்ட கடவுச்சொல் கட்டாயம் என்று அறிவித்த மறுநாள் எல்லாச் சேவைகளும் விழுந்த ஓரிடத்தில் இதுதான் காரணமாக இருந்தது.

மார்ச் 6, மாலை

விடை வந்துவிட்டது.

அந்த இயந்திரத்தில் இரண்டு க்யூ மேனேஜர்கள் இருக்கின்றன. பழையதை நிறுத்திவிட்டார்கள். புதியது 1415இல் கேட்கிறது. ஆனால் பழையதற்காக எப்போதோ கட்டளை வரியில் கையால் தொடங்கிய லிசனர் செயல்முறையை யாரும் நிறுத்தவில்லை. அது இன்னும் 1414ஐப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஆகவே டெல்நெட் இணைகிறது. கிளையன்ட் வந்து எம்க்யூ மொழியில் பேசுகிறது. லிசனர் தன் க்யூ மேனேஜரைத் தேடுகிறது, அது ஓடவில்லை, 2059 என்கிறது. நிர்வாகி அனுப்பிய திரை நகலில் ஓடிக்கொண்டிருந்தது புதியது. அவர் சொன்னது உண்மை. நெட்வொர்க் குழு சொன்னதும் உண்மை. நிரல் மாறாததும் உண்மை. மாறியிருக்க வேண்டியது போர்ட் எண், அதைப் பற்றி இவர்களுக்கு யாரும் தகவல் தரவில்லை.

என் ஊகமும் இதுவே. லிசனர் உயிரோடு, க்யூ மேனேஜர் உறக்கத்தில் என்ற நிலைக்குச் சரியாகப் பொருந்தும் எண் 2059. புதிய நூலகத்தில் அந்த எண் வந்ததால்தான் துணிந்து அந்தப் பக்கம் போக முடிந்தது.

மார்ச் 7

மீண்டும் நடக்காமல் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். லிசனரைக் கட்டளை வரியில் தொடங்குவதை விட்டுவிட்டு, க்யூ மேனேஜருக்குள் ஒரு பொருளாக வரையறுங்கள். அதில் கட்டுப்பாடு என்ற பண்பை 'க்யூ மேனேஜரோடு' என்று வையுங்கள். அப்போது இரண்டும் சேர்ந்தே எழும், சேர்ந்தே படுக்கும். கவனியுங்கள்: அந்தப் பண்பின் இயல்பு மதிப்பு 'கையால்' என்பது. மாற்றாமல் விட்டால், இயந்திரம் மறுதொடக்கமான பிறகு க்யூ மேனேஜர் எழுந்திருக்கும், லிசனர் எழுந்திருக்காது. இரவுப் பராமரிப்புக்குப் பிறகு காலையில் எல்லாருக்கும் 2538 வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

மார்ச் 7, இரவு

இது எம்க்யூவுக்கு மட்டும் உரிய நோயா, தங்களிடம் ரேபிட்எம்க்யூ, காஃப்கா என்ற வேறு செய்தி மென்பொருள்களும் இருக்கின்றன என்று வேறொருவர் கேட்கிறார். எண்கள் மாறும், அணுகுமுறை மாறாது: எந்தப் படி வரை போனது, அங்கே மறுமுனை என்ன எழுதியது.

ரேபிட்எம்க்யூவில் எனக்குப் பிடித்த ஒரு பதிவு வரி உண்டு. கிளையன்ட் முதலில் அனுப்ப வேண்டியது எட்டு பைட் தலைப்பு. வேறு எதையாவது அனுப்பினால் 'தவறான தலைப்பு' என்று சொல்லி, வந்த பைட்களை அப்படியே பதிவில் எழுதிவிடும். அந்த பைட்கள் 22, 3 என்று தொடங்கினால் ஒரு டிஎல்எஸ் கிளையன்ட் சாதாரணப் போர்ட்டான 5672க்கு வந்திருக்கிறது. அது 5671க்குப் போக வேண்டியது. தலைப்புக்குப் பதிலாக ஒரு எச்டிடிபி கோரிக்கையின் முதல் எழுத்துகள் தெரிந்தால் யாரோ ஒரு உலாவியையோ, சேவை உயிரோடு இருக்கிறதா என்று தானாகப் பார்க்கும் உடல்நலச் சோதனையையோ அங்கே திருப்பிவிட்டிருக்கிறார்கள். கிளையன்ட் பக்கம் இதெல்லாம் வெறும் 'இணைப்பு மூடப்பட்டது' என்றுதான் தெரியும்.

'கெஸ்ட்' பயனரோடு உள்ளூரில் ஓடுகிறது, வெளியிலிருந்து ஓடவில்லை என்ற கேள்வியும் இதே குடும்பம். 2014இல் வந்த 3.3.0 பதிப்பிலிருந்து அந்தப் பயனர் அதே இயந்திரத்திலிருந்து மட்டுமே இணையலாம். அந்தத் தடையை எடுக்காதீர்கள், வேறு பயனரை உருவாக்குங்கள்.

காஃப்காவில் டெல்நெட் ஏமாற்றுவது இன்னும் நுட்பமானது. கிளையன்ட் முதலில் தொடும் 9092 முகவரி வெறும் தொடக்கம். அங்கே போனதும் காஃப்காவின் சர்வரான புரோக்கர், 'என்னைப் பார்க்க இந்த முகவரிக்கு வா' என்று தான் விளம்பரப்படுத்தும் முகவரியைத் திருப்பிக் கொடுக்கும். அடுத்த இணைப்பு அந்த முகவரிக்குத்தான் போகும். அது கன்டெய்னருக்குள் மட்டும் புரியும் பெயராக இருந்தால், முதல் இணைப்பு வெற்றி, இரண்டாவது தோல்வி. டெல்நெட் சோதித்ததோ முதலாவதை.

மார்ச் 8

உடல்நலச் சோதனை என்று நேற்று எழுதியபோது நினைவுக்கு வந்தது. எம்க்யூவுக்கு முன்னால் லோட் பேலன்சர் (வரும் இணைப்புகளைப் பல சர்வர்களுக்குப் பகிர்ந்தனுப்புவது) வைத்திருப்பவர்கள், அது சில நொடிக்கு ஒருமுறை போர்ட்டைத் திறந்து மூடிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். ஒவ்வொரு திறப்பும் சர்வர் பதிவில் ஒரு பிழையை எழுதக்கூடும். 9209, 9999 போன்றவை. பதிவு மூன்று கோப்புகளில் சுழல்கிறது. குப்பை நிரம்பி நிரம்பி, உங்களுக்கு வேண்டிய அந்த ஒரு வரி சுழன்று அழிந்துவிடும். மேலே நான் 'பதிவில் இல்லை என்றால் வரவே இல்லை' என்று சொன்னது, அந்த நேரத்துப் பதிவு இன்னும் கையில் இருக்கும்போது மட்டுமே செல்லும். முதலில் கோப்பின் பழைய வரி எந்த நேரத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள். குறிப்பிட்ட செய்திகளை விலக்கவோ அடக்கவோ க்யூ மேனேஜரின் அமைப்புக் கோப்பில் வழி இருக்கிறது. ஆனால் 9209ஐ விலக்கினால் உண்மையான துண்டிப்புகளும் கண்ணில் படாமல் போகும். சோதனையின் இடைவெளியை நீட்டிப்பதே என் விருப்பம்.

மார்ச் 9

டிஎல்எஸ் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. 2393 என்றாலும் ஜாவாவின் 2397 என்றாலும் கைகுலுக்கலில் நின்றுவிட்டீர்கள். சர்வர் பதிவில் 9639 என்றால் சேனல் மறையாக்கம் கேட்கிறது, கிளையன்ட் சாதாரணமாக வந்தது. 9631 என்றால் இரு பக்கமும் வேறு வேறு மறையாக்க முறையைச் சொல்கின்றன. 9637 என்றால் கிளையன்ட் சான்றிதழ் காட்டவில்லை. சேனலின் இயல்பு அமைப்பு அதைக் கட்டாயமாக்குகிறது. 9633 என்றால் சான்றிதழை ஏற்க முடியவில்லை, காலாவதித் தேதியை முதலில் பாருங்கள். சாவிக் கோப்பில் புதிய சான்றிதழைப் போட்டுவிட்டு டிஎல்எஸ் பாதுகாப்பைப் புதுப்பிக்கும் கட்டளையை ஓட்டாவிட்டால், க்யூ மேனேஜர் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும்.

மார்ச் 11

2009 பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் 2059 தீர்ந்தவர்கள் அடுத்துச் சந்திப்பது அதைத்தான். இணைப்பு கிடைத்தது, வேலை செய்தது, பிறகு அறுந்தது. பகல் முழுக்கச் சரி, ஆளில்லாத இரவு கழிந்து காலையின் முதல் செய்தியில் மட்டும் 2009 என்றால், வழியில் உள்ள ஃபயர்வால் சும்மா கிடந்த இணைப்பை மறந்துவிட்டது. அது மறந்ததை இரு முனைகளுக்கும் சொல்வதில்லை. சும்மா கிடக்கும் இணைப்பை அவ்வப்போது தட்டிப் பார்க்கும் டிசிபி கீப்அலைவ் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். லினக்ஸில் அதன் இயல்பு 7200 நொடி, இரண்டு மணி நேரம். பல ஃபயர்வால்கள் அதற்கு வெகு முன்பே கைகழுவிவிடும். சேனலின் ஹார்ட்பீட் (இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அறிய எம்க்யூவே அனுப்பும் சிறு செய்தி) இடைவெளியை ஃபயர்வாலின் ஓய்வு வரம்புக்குக் கீழே கொண்டுவாருங்கள். அதன் இயல்பு 300 நொடி.

மார்ச் 11, இரவு

மாலையிலேயே ஒருவர் சேனலில் ஹார்ட்பீட்டை 60 ஆக்கியும் பயனில்லை என்கிறார். காலையில் எழுதியதை இன்னும் துல்லியமாக்க வேண்டியிருக்கிறது. சர்வர் பக்கச் சேனலில் மட்டும் குறைத்தால் போதாது. இணையும்போது இரு முனைகளும் தங்கள் எண்ணைச் சொல்லும், பெரியது நிலைக்கும். சர்வர் 60 என்று சொல்ல, கிளையன்ட் இயல்பான 300ஐச் சொன்னால் விடை 300. ஏதேனும் ஒரு முனை 0 சொன்னால் ஹார்ட்பீட்டே கிடையாது. கிளையன்டின் எண்ணை மாற்றுவதற்கு எளிய வழி, அது படிக்கும் சேனல் வரையறை அட்டவணையில் எழுதுவது. நீங்கள் எழுதிய எண்ணை நம்பாமல், ஓடும் சேனலின் நிலையைக் காட்டும் கட்டளையில் ஹார்ட்பீட் இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். பேசி முடிவான எண் அதில்தான் தெரியும்.

ஒரே இணைப்பை எத்தனை உரையாடல்கள் பகிரலாம் என்று சொல்லும் சேனலின் உரையாடல் பகிர்வை 0 என்று வைத்திருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். அப்படி வைத்தால் கிளையன்ட் செய்திக்காகக் காத்திருக்கும் நேரத்தில் மட்டுமே ஹார்ட்பீட் போகும். அனுப்ப மட்டும் செய்யும் சேவைக்கு அது ஒருபோதும் போகாது. பகிர்வு 1 அல்லது அதற்கு மேல் இருந்தால் இரு பக்கமும் எந்த நேரத்திலும் அனுப்பிக்கொள்ளும்.

மார்ச் 12

ரேபிட்எம்க்யூவிலும் இதே விதியா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை, நேர் எதிர். அங்கே இயல்பு இடைவெளி 60 நொடி, 3.5.5க்கு முந்தைய பதிப்புகளில் 580. ஜாவா, டாட்நெட், எர்லாங் கிளையன்ட்கள் இரு எண்களில் சிறியதை எடுத்துக்கொள்கின்றன. ஒரு பக்கம் 0 சொன்னால் மறுபக்கத்து எண் நிலைக்கும். எம்க்யூ பழக்கத்தில் கிளையன்டில் 0 வைத்து ஹார்ட்பீட்டை நிறுத்திவிட்டதாக நினைப்பவர்களுக்கு அங்கே அது தொடர்ந்து துடிக்கும். இரண்டையும் ஒரே சேவையில் வைத்திருப்பவர்கள் இரண்டுக்கும் ஒரே அமைப்பு மாறியைப் பகிர்ந்து வைக்காதீர்கள்.

மார்ச் 14

2537 வந்து நிற்பவருக்கு: வரம்பை உயர்த்தும் முன், யார் இணைப்பைத் தின்கிறார்கள் என்று பாருங்கள். க்யூ மேனேஜர் ஏற்கும் மொத்தச் சேனல்களின் இயல்பு வரம்பு 100. ஒவ்வொரு செய்திக்கும் புதிய இணைப்பைத் திறந்து மூடாமல் விடும் ஒரு சேவை போதும், மற்ற எல்லாரையும் வெளியே நிறுத்த. பதிவில் 9513 இருக்கும். இணைப்புகளைப் பட்டியலிடும் கட்டளை ஒவ்வொன்றுக்கும் சேனல் பெயரையும் நிரலின் பெயரையும் காட்டும்; ஒரே பெயர் பக்கம் பக்கமாக ஓடினால் ஆள் கிடைத்துவிட்டார். அந்தச் சேவைக்குத் தனிச் சேனல் கொடுத்து, அந்தச் சேனலுக்கு மட்டும் எண்ணிக்கை வரம்பு வையுங்கள். அதன் இயல்பு 999999999, அதாவது வரம்பே இல்லை என்பது போல. வரம்பு வைத்த பிறகு 2537 அந்த ஒரு சேவைக்கு மட்டும் வரும். நிரலில் இணைப்பை மூடாத இடத்தைத் தேட அதன் குழுவுக்கு அப்போதுதான் நேரம் கிடைக்கும்.